50 மீட்டர்தான், ஆனால் மேலேயா கீழேயா?

கேள்வி: அகதி முகாமில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கழிப்பறை கட்டக்கூட ட்ரோன் விட்டு வரைபடம் போடுகிறார்களாமே? நாலு சுவரும் ஒரு சாய்தளமும் போதாதா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: தரை சமமாக இருந்தால் ஓரளவு போதும். வங்கதேசத்தில், காக்ஸ் பஜார் மாவட்டத்துக் குதுபாலோங் முகாம் அப்படி இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தார்கள். காட்டுக் குன்றுகளை வெட்டி, மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் எழும்பின. பல இடங்களில் பாதை என்பதே மண்மூட்டைப் படிக்கட்டுதான்.

நிவாரணப் பணிக்கான ஸ்பியர் விதிமுறைப்படி 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதுவும் குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்குள். நான் சர்வே வேலை பார்த்தவன். தட்டையான வரைபடத்தில் மேடு மறைந்துபோவது எங்களுக்குப் பழைய தலைவலி. அந்த 50 மீட்டருக்குள் 5 மீட்டர் ஏற்றம் இருந்தால்? சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு 1-க்கு 12, அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். ஆக, 60 மீட்டர் நீளம் வேண்டும், நடுநடுவே நின்று போகச் சமதளத் திட்டுகள் வேறு. குடிசைகள் நெருக்கியடிக்கும் இடத்தில் அதற்கு எங்கே போவது? மழைக்காலத்தில் மண்சரிவு பயமும் உண்டு.

ட்ரோன் உதவுவது இங்கேதான். ஒன்றோடொன்று மேற்பொருந்தும்படி எடுத்த படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் தரையின் உயரம் கிடைக்கிறது. சம உயரக் கோடுகள் வரைந்துவிடலாம். ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பான ஐஓஎம் அந்த முகாம்களை இப்படிப் பலமுறை படமெடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், சாய்தளம் கட்டி மல்லுக்கட்டுவதைவிட, குடிசை இருக்கும் அதே உயரக்கோட்டில் கழிப்பறையை வைப்பதே மேல். சக்கர நாற்காலிக்கு 40 மீட்டர் படிக்கட்டைவிட 80 மீட்டர் சமதரைதான் கிட்டம்.

கதவின் அகலம், உள்ளே நாற்காலி திரும்ப இடம், கைப்பிடி, ராத்திரி வெளிச்சம் இதெல்லாம் ட்ரோனுக்குத் தெரியாது. ஊன்றுகோலோடு நடப்பவரையே கூட்டிப்போய்க் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே இந்த வேலையில் உதவ முடியுமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: முடியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பாதை, கட்டடம் வரையலாம். படிக்கட்டுக்கும், சக்கர நாற்காலி போகுமா என்பதற்கும் அதில் தனிக் குறியீடுகள் உண்டு. இரண்டாவதை நேரில் பார்த்தவர் சொல்லாமல் போடாதீர்கள். அப்புறம், எந்தக் குடிசையில் யாரால் நடக்க முடியாது என்பதை அதில் ஏற்றவே கூடாது. அந்த வரைபடத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.