மலையேறினா ஹீட்டர் வரலைங்களா? மேட்டுப்பாளையத்து மெக்கானிக்கின் பதில்கள்

மார்கழி பொறந்துட்டா ஊட்டியில தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்லு மேல வெள்ளையா உறைபனி பிடிச்சுக்கும். அதைப் பாக்கவே கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுல இருந்து விடியக்காலம் கெளம்பிருவாங்க. முக்காவாசிப் பேரு ஏறி எறங்கறது எங்க ஊரு வழியாத்தான். எறங்கி வந்து "ஹீட்டர் சரியா வர மாட்டேங்குதுங்க"ன்னு ஒர்க்‌ஷாப் வாசல்ல நிக்கறவங்களும் உண்டு. இந்த வாரம் வந்து சேந்த கேள்விகளும் என்னோட பதிலும் கீழ இருக்குதுங்க.

திருப்பூர்: ஏனுங்ணா, என்னோடது சின்ன டீசல் காருங்க. தொட்டபெட்டா போயிருந்தப்ப ஹீட்டரைச் செவப்பு முழுக்கத் திருப்பியும் வெதுவெதுன்னுதான் காத்து வந்துச்சு. பசங்க நடுங்கிப் போயிட்டாங்க. மொதல்ல எதைப் பாக்கோணும்?

பதில்: தம்பி, கார் ஹீட்டருக்குள்ள தனியா அடுப்பு ஒண்ணும் கெடையாது. இன்ஜினைச் சுத்தி ஓடிச் சூடேறின கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கற தண்ணி, ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கற ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வருது. அதுக்குப் பேருதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் அது மேல காத்தடிக்குது, அவ்வளவுதான். அதனால ஹீட்டர் குறைன்னு வந்தா நான் டேஷ்போர்டைத் தொடவே மாட்டேன். பானட்டைத்தான் தூக்குவேன்.

காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கறப்ப ரிசர்வ் டேங்கைப் பாருங்க. மினிமம் கோட்டுக்குக் கீழ போயிருந்தா பாதி விசயம் அங்கியே தெரிஞ்சு போச்சு. நெறைய வண்டியில ஹீட்டர் லைன் மேடான எடத்துல ஓடும், கூலன்ட் கொறஞ்சா மொதல்ல காயறது அதுதான். அளவு சரியா இருந்தா ஒரு கால் மணி நேரம் ஓட்டிட்டு வந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, ப்ளோயரைப் போட்டுட்டு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவால இருக்கற தகட்டைப் பாருங்க. கட்டைவெரல் தடிமன்ல ரெண்டு ஹோஸ் உள்ள போகும். துணியைச் சுத்தி தொட்டுப் பாருங்க. பேன், பெல்ட் பக்கம் கை போயிரக் கூடாது.

ரெண்டுமே சுள்ளுன்னு சுட்டு, உள்ள மட்டும் ஜில்லுன்னு காத்து வந்தா தண்ணியில குறையில்லை. உள்ள சூட்டையும் குளிரையும் கலக்கற மடல் மாட்டிக்கிச்சு, இல்லீன்னா அதோட வயரோ மோட்டாரோ போயிருச்சு. திருப்பறப்ப டேஷ்போர்டுக்குள்ள டக்கு டக்குன்னு சத்தம் கேட்டா அந்த மோட்டார்தான். ஒண்ணு சுட்டு ஒண்ணு மட்டும் வெதுவெதுப்பா இருந்தா கோர் அடைச்சிருக்கு. ரெண்டும் வெதுவெதுப்புன்னா இன்ஜினே சூடேறலை, கூலன்ட் சூடாகற வரைக்கும் ரேடியேட்டர் வழியை மூடி வெக்கற தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படோணும். இன்ஜின் நல்லாச் சூடா இருந்து ரெண்டு ஹோஸும் ஜில்லுன்னு கெடந்தா உள்ள ஓட்டமே இல்லை. ஏர் பிடிச்சிருக்கும், இல்ல ஹீட்டர் வால்வு மூடிக் கெடக்கும். வெதுவெதுன்னு வருதுன்னீங்க. எனக்கு தெர்மோஸ்டாட் மேலதான் கண்ணு.

பொள்ளாச்சி: அதே தெர்மோஸ்டாட் பத்தித்தானுங்ணா கேக்கலாம்னு இருந்தேன். போன கோடையில வண்டி சூடாச்சுன்னு ஒருத்தருகிட்ட விட்டேன். "நம்மூரு வெயிலுக்கு இது ஆவாது"ன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டாரு. ரேடியேட்டர் பேனையும் எப்பவும் ஓடறாப்ல டைரக்டா விட்டுட்டாரு. இப்ப வால்பாறை போனா ஹீட்டரே இல்லீங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

பதில்: சம்பந்தம் என்னங்க, அதேதான் காரணம். கொங்கு நாட்டுல ஹீட்டர் கெடறது பாதி குளிருனால இல்லை, கோடையில பாத்த வைத்தியத்துனால. வருசத்துல பத்து மாசம் யாரும் அந்தக் குமிழைத் தொடறதில்லை. அதனால என்ன கழட்டினாலும் தெரியறதில்லை. ஆழியாறு தாண்டி நாப்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்ச பொறவுதான் தெரிய வருது.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. அதுக்குள்ள மெழுகு இருக்குது. கூலன்ட் சுமார் 82-ல இருந்து 90 டிகிரிக்குள்ள, வண்டியைப் பொறுத்து, சூடானா மெழுகு விரிஞ்சு ரேடியேட்டருக்கு வழி விடும். அதுவரைக்கும் மூடியே இருக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடேறும். கழட்டிட்டா ஸ்டார்ட் பண்ணின நிமிசத்துல இருந்து தண்ணி ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டே கெடக்கும். குளிர் காத்தும் டைரக்ட் பேனும் சேந்தா 60, 65-க்கு மேல ஏறவே ஏறாது. ஹீட்டருக்கு எங்கிருந்துங்க சூடு வரும்?

ஹீட்டரோட போனாப் பரவால்லை. இன்ஜின் சூடாகலைன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கிட்டே டீசலையோ பெட்ரோலையோ எச்சா ஊத்தும். மைலேஜ் அடிவாங்கும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டோட அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டிட்டா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியில சுத்தி, கோடையில முன்னைவிட மோசமாச் சூடாகும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர்ல பி 0128-ங்கற குறை எண் வந்தா அதுக்கு அர்த்தமே கூலன்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரலைங்கறதுதான். ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போனுல பாருங்க. சமவெளியில சீரா ஓடறப்ப 85-க்கும் 95-க்கும் நடுவுல நிக்கோணும். சூடு காட்டற மீட்டர் இல்லாத வண்டின்னா டேஷ்போர்டுல நீலக் கலர் விளக்கைப் பாருங்க, அது அணையவே மாட்டேங்குதுன்னாலும் இதே கதைதான்.

புது தெர்மோஸ்டாட் போடுங்க, வண்டிக்கு என்ன டிகிரி போட்டிருக்கோ அதே டிகிரி. பேன் வயரைப் பழையபடி சுவிட்சுக்கே கொடுக்கச் சொல்லுங்க. அப்பறம், போன கோடையில ஏன் சூடாச்சுங்கறதை இப்பவாவது பாக்கச் சொல்லுங்க. அந்தக் குறை இன்னும் அங்கியேதான் கெடக்கு.

பல்லடம்: எங்க தோட்டத்து போர் தண்ணியத்தானுங்க ரேடியேட்டருக்கு ஊத்தறோம். நடுவுல ஒருக்கா ஒழுகுச்சு, அப்பா மஞ்சத்தூளைக் கொட்டினாரு, நின்னு போச்சு. இப்ப ஹீட்டர் ஒரு ஹோஸ் சூடு, ஒண்ணு ஆறின சூடுங்க.

பதில்: மஞ்சத்தூள் வைத்தியம் லாரிக்காரங்க பழக்கம். நடுரோட்டுல நின்னா அப்பத்திக்குக் காப்பாத்தும், நான் மறுக்கலைங்க. ஆனா தூளுக்கு எது ஓட்டை, எது வழின்னு தெரியாது. ஹீட்டர் கோரோட குழாய்ங்க ரொம்பச் சன்னம், அங்கதான் போய் உக்காரும். அதுக்கு மேல உங்க பக்கத்து போர் உப்பு. அந்த மாதிரி வண்டியில கழட்டின கோரைக் கவுத்துத் தட்டினா, செங்காவித் தூளும் சுண்ணாம்புச் செதிலும் கையில உதிரும், நடுவால மஞ்சக் கசடு கட்டியா ஒட்டியிருக்கும்.

ரெண்டு ஹோஸையும் கழட்டிட்டு, தண்ணி வழக்கமா வெளிய வர்ற வாயில பைப்பை வெச்சு மெதுவான வேகத்துல எதிர்ப்பக்கமாக் கழுவோணும். தெளிஞ்சு வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. கம்ப்ரசர் காத்து வேண்டாம், அலுமினியக் கோர் ஓரத்துல பிளந்துரும். கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசு. அப்பவும் ஓட்டம் இல்லீன்னா கோரை மாத்தறதைத் தவிர வழியில்லை.

பொறவு கூலன்ட். டப்பாவுல ரெடி டு யூஸ்னு போட்டிருந்தா அப்படியே ஊத்தலாம். கான்சன்ட்ரேட்னு இருந்தா பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்கோணும். "தண்ணியே கலக்காம ஊத்தினா இன்னும் நல்லதுதானே"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. கூலன்ட்டோட மூலச்சரக்கான கிளைக்கால் வெறுமனே இருந்தா மைனஸ் 13 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சிரும், பாதிக்குப் பாதி கலந்தது மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். சூட்டை வாங்கிட்டுப் போறதுலயும் கலந்ததுதான் மேல். நம்ம மலையில அவ்வளவு குளிர் எங்க இருக்குங்கறீங்களா? நமக்கு அதோட வேலை துரு பிடிக்காம பாத்துக்கறது, கொதிக்காம பாத்துக்கறது. ஊட்டி ஒசரத்துல வெறும் தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும். ரேடியேட்டர் மூடிதான் அழுத்தம் குடுத்து அதைத் தடுக்குது. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா சேத்து மாத்திருங்க. சூடா இருக்கறப்ப மட்டும் தொறந்துராதீங்க, மொகம் வெந்துரும்.

சத்தியமங்கலம்: திம்பம் ஏறுறப்ப ஹீட்டர் ஜம்முன்னு வருதுங்ணா. ஆசனூர்ல டீ குடிக்க நிறுத்தி இன்ஜினை ஓட விட்டா ரெண்டு நிமிசத்துல ஜில்லுன்னு ஆயிருது. ஆக்சிலேட்டரை மிதிச்சா மறுபடி சூடு.

பதில்: பம்பு செய்யற நாட்டுக்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரோணுமா? கெணத்து மோட்டார் ஏர் பிடிச்சா எப்படி எடுக்காதோ அதே சங்கதிதான். வேகமாச் சுத்தறப்ப வாட்டர் பம்பு எப்படியோ தள்ளிருது, ஐடிலிங்ல ஏரைத் தாண்டித் தள்ள முடியறதில்லை. சமீபத்துல கூலன்ட் மாத்தினீங்களா? அப்படின்னா ஏரை எடுக்காம விட்டிருப்பாங்க.

வண்டி மூக்கு மேட்டுப் பக்கம் இருக்கறாப்ல நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கறப்ப மூடியத் தொறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழு குமிழா வரும், மட்டம் எறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. சில வண்டியில ஏர் எடுக்கறதுக்குன்னே ஒரு திருகாணி இருக்கும். பேன் ஒரு சுத்து ஓடி நிக்கற வரைக்கும் வெச்சிருந்து மூடியப் போடுங்க. கூலன்ட் பொங்கி மேல வர்றாப்ல இருந்தா அதுக்கு முன்னாடியே மூடிருங்க. ஏரை எடுத்தும் நாலு நாள்ல திரும்ப வந்தா எங்கியோ ஒழுகுது, இல்ல வாட்டர் பம்போட இறக்கை தேஞ்சிருக்கு. குமிழு நிக்கவே மாட்டேங்குது, கூலன்ட்டும் கொறையுதுன்னா இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவால இருக்கற அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், போயிருக்கலாம். அதை வெச்சுக்கிட்டு மலை ஏறாதீங்க.

ஈரோடு: சூடு இருக்குதுங்க, காத்துதான் கம்மி.

பதில்: கேபின் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால இருக்கும், கழட்ட அஞ்சு நிமிசம். ப்ளோயர் கடைசி நம்பர்ல மட்டும் ஓடுதுன்னா, அதோட வேகத்தைக் கொறைக்கற ரெசிஸ்டர் போயிருக்கும்.

கோபி: அண்ணா, ஹீட்டர் போட்டாப் போதும், முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவுனாப்ல மங்கிருது. ஒரு தித்திப்பு வாசம் வேற. இடது பக்கம் கால்மிதி நனைஞ்சு கெடக்குதுங்க. ஏசி தண்ணியா இருக்குமோ?

பதில்: ஏசி தண்ணிக்கு வாசமும் இருக்காதுங்க அம்மணி, பிசுபிசுப்பும் இருக்காது. கோர் ஒழுகுது. கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில படியுது. அது விசம், கொழந்தைங்களையும் நாய்க்குட்டியையும் அந்தப் பக்கம் விடாதீங்க. டேஷ்போர்டைப் பிரிக்கற வேலை, ஒரு நாள் முழுக்க ஆகும், கூலியும் எச்சுத்தான். அதுக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு ஹோஸையும் வெளியவே சேத்து பைபாஸ் பண்ணிருவாங்க. கீழயே ஓட்டறதுக்கு ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆனா வண்டியை விக்கறப்ப வாங்கறவங்ககிட்ட சொல்லிருங்க. பழைய வண்டி வாங்கறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன், மத்தியான வெயில்ல ஓட்டிப் பாத்தாலும் ஹீட்டரை ஒருக்கா போட்டுப் பாத்துட்டுக் காசைக் குடுங்க.

கோயமுத்தூர்: குன்னூர்ல இருந்து எறங்கறப்ப சூடு கொறையுதுங்க. கண்ணாடியும் ஆவி பிடிக்குது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

பதில்: எறக்கத்துல கியர்ல விட்டு வர்றப்ப இன்ஜின்ல எரியறதே கம்மி, சூடும் கொறையும். டீசல்ல இன்னும் நல்லாத் தெரியும். எறக்கத்துல மட்டும்னா அது குறையே இல்லை. ஆவிக்கு ஏசியையும் ஹீட்டரையும் சேத்துப் போடுங்க. ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் காய வைக்கும். ரீசர்குலேஷனை அணைச்சு வெளிக்காத்து உள்ள வர விடுங்க. நாலு பேர் மூச்சு உள்ளயே சுத்தினா எந்த ஹீட்டரும் தாங்காது.

அவிநாசி: எலக்ட்ரிக் காருங்க, இன்ஜினே இல்லையே?

பதில்: அதுல பேட்டரி கரண்டுல சூடாகற ஹீட்டர். உடனே சூடு வரும், ரேஞ்சைத் தின்னும். ஊட்டிக்குப் போறப்ப அதையும் கணக்குல சேத்துக்கோங்க. சீட் ஹீட்டர் இருந்தா அதை எச்சாப் போடுங்க, அது எடுக்கற கரண்டு ரொம்பக் கம்மி. எறங்கறப்ப கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும்.

கரூர்: சீசன்ல ரூம் கெடைக்காதுங்க. ஹீட்டரைப் போட்டுட்டு வண்டியிலயே தூங்கிக்கலாங்களா?

பதில்: இன்ஜினை ஓட விட்டுட்டா? வேண்டவே வேண்டாம். சைலன்சர் எங்கியாவது ஓட்டையா இருந்தா, செவுத்துப் பக்கம் நிறுத்தியிருந்தா, கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். வாசமும் இல்லை, நெறமும் இல்லை, தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும். கரி அடுப்பை உள்ள வெக்கறதும் அதேதான். ரூம் இல்லீன்னா ராத்திரிக்கு எறங்கி எங்கூர்லயே தங்கிக்கிட்டு, விடியக்காலம் நாலு மணிக்கு ஏறுங்க. உறைபனி வெயில் வர்ற வரைக்கும் எங்கியும் போகாது.