கதிர் வந்த பிறகு எலி பிடிப்பது தாமதம்

கேள்வி: திருவாரூர் பக்கம் ஐந்து ஏக்கர் சம்பா. கதிர் முற்றும்போது வரப்பை வெட்டினால் ஒரே வளையில் தாயும் எட்டுக் குட்டிகளும். ஆண் எலியைக் காணோம். எப்போது மருந்து வைத்தால் பலிக்கும்?

பதில்: வரப்பில் ஈர மண்ணைக் குவித்து வாயை அடைத்து வைத்திருந்தால் அது பெரும்பாலும் கரம்பை எலி. அது ஜோடியாகக் குடித்தனம் நடத்தாது. ஒரு வளைக்கு ஒரு பெரிய எலிதான். பெண் இணைக்குத் தயாராகும்போது ஆண் வாசனை பிடித்து வரும், சேரும், போய்விடும். குட்டி வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை. நீங்கள் தேடிய ஆண் அடுத்த வரப்பில் தனி வளையில் கிடக்கும்.

இனப்பெருக்கத்தைப் பயிர்தான் முடுக்கிவிடுகிறது. தொண்டைக்கதிர் பருவத்தில், அதாவது கதிர் வெளிவராமல் தண்டுக்குள் உருண்டிருக்கும்போது, தண்டு இனிக்கத் தொடங்கியதும் பெண் எலி சினையாகும். சுமார் மூன்று வாரத்தில் கண் திறக்காத, முடியில்லாத குட்டிகள். ஈன்ற கையோடு மறுபடி இணை சேரவும் முடியும். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும். கிட்டியில் (எலிப்பொறியில்) சிக்கிய எலியைப் புரட்டிப் பாருங்கள். காம்பு புடைத்து, சுற்றிலும் முடி தேய்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் பால் குடிக்கின்றன. அப்போது ஒரு எலியைப் பிடித்தது ஒரு வளையையே காலி செய்தது மாதிரி.

ஆகவே நட்டதிலிருந்து பயிர் தூர் கட்டும் (பக்கத் தண்டுகள் விடும்) வரைதான் உங்கள் காலம். அந்த நேரம் ஒரு பெண் எலியை ஒழித்தால், அறுப்புக்குள் அது ஈனவிருந்த ஈற்றுகளும் இல்லை. மாலையில் வளை வாய்களை மூடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில் மட்டும் வேலை. இரண்டு மூன்று நாள் வெறும் பொரியோ அரிசியோ வைத்துப் பழக்கி, பிறகு 96 பங்கு அரிசி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு துத்தநாக பாஸ்பைடு என்ற எலி விஷம். கையுறை போட்டு, குச்சியால் கலந்து, வளைக்குள்ளேயே வையுங்கள். ஆடு, நாய் தொடக்கூடாது. பழக்காமல் வைத்தால் கொஞ்சம் தின்று, வயிறு கலங்கித் தப்பிய எலி மறுபடி அந்தப் பக்கமே வராது. "மருந்து போலி" என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் பழக்கும் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்தான்.

இன்னொன்று: பக்கத்து வயல் ஒரு மாதம் பிந்தி நட்டால், உங்கள் அறுப்பு முடிந்த பிறகும் எலிக்கு அங்கே தொண்டைக்கதிர் கிடைக்கும், ஈற்றும் நீளும். வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் நடவையும் எலி வேட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். அகல வரப்பு இருந்தால் அடுத்த உழவில் சீவிக் குறுக்கிவிடுங்கள். வளை தோண்ட இடம் இருக்காது.