வாசகர் கேள்வி – பதில்: இருட்டிலும் மணி தெரிய

கேள்வி: உதிரிப் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்யும் வாட்ச்சின் டயலில் லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு) வைத்தேன். சில மணிக்குறிகள் பளிச்சென்று ஒளிர்கின்றன, சில மங்கல். காய்ந்ததும் நடுவில் பள்ளம், ஓரத்தில் வளையம். தப்பு எங்கே?

பதில்: இரண்டுமே கலவையின் கோளாறு. லூம் பவுடர் என்பது யூரோப்பியம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். அதைப் பிடித்து ஒட்டவைக்கும் திரவமான பைண்டரைவிடக் கனமானது என்பதால், கலக்கி வைத்த சற்று நேரத்திலேயே அடியில் உட்கார்ந்துவிடும். மேலாகத் தொட்டு வைத்த குறியில் வெறும் பைண்டர்தான் இருக்கும். ஒவ்வொரு குறிக்கு முன்னும் கிளறுங்கள். பள்ளத்துக்குக் காரணம் கலவை நீர்த்துப்போனது. தின்னர் ஓரத்தில் சீக்கிரம் ஆவியாகும்போது பவுடரையும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது.

பவுடரும் பைண்டரும் எடைக்கு எடை சமமாக ஆரம்பியுங்கள். எடுத்து வைத்த சொட்டு மை மாதிரி பரவினால் பவுடர் போதவில்லை; கூம்பாக அப்படியே நின்றால் ஒரு துளி தின்னர். சில விநாடிகளில் தானாகச் சமமாக வேண்டும், அதுதான் பதம். கட்டி இருந்தால் நசுக்காமல் கிளறியே கரையுங்கள். படிகம் உடைந்தால் வெளிச்சம் குறையும். துகள்களுக்கு மேல்பூச்சு இல்லாத பவுடரைத் தண்ணீர் சேர்ந்த பெயின்ட்டில் கலக்கவே கூடாது. ஈரம் அதைச் சிதைத்துவிடும்.

கறுப்பு டயலில் முதலில் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்தால் கீழே போகும் ஒளி திரும்பி வரும். அதன்மேல் இரண்டு மூன்று தடவையாக, ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. ஆயிலர் (வாட்ச்சுக்கு எண்ணெய் வைக்கும் மெல்லிய ஊசி) நுனியில் எடுத்த சொட்டைக் குறியின் நடுவில் வைத்து, ஓரம் வரை மெதுவாகத் தள்ளுங்கள். விளிம்பில் அது தானே நிற்கும். மேலே ஆடை படிந்தபின் தொட்டால் கிழியும், அந்தப் பூச்சை அப்படியே சரிசெய்ய முடியாது. பிசகினால் தின்னரால் துடைக்கப் போகாதீர்கள்: டயலின் அச்செழுத்தும் சேர்ந்து போய்விடும். காயவிட்டு, கூராக்கிய மரக்குச்சியால் நெம்பி எடுங்கள்.

மொத்தக் கனம் 0.2 – 0.3 மில்லிமீட்டர் போதும். அளவில்லாமல் ஏற்றினால் சின்ன முள் உரசும்.

கேள்வி: நடுவில் திறப்புள்ள முள்ளில் லூம் நிற்காமல் உதிர்கிறது.

பதில்: முதலில் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். முள்ளைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கமிருந்து நிரப்ப வேண்டும். டயலுக்கு வைத்ததைவிடக் கலவை கெட்டியாக இருக்கட்டும். திறப்பின் அகலமான முனையில் இரு பக்கமும் தொடும்படி ஒரு சொட்டு. அதை அறுபடாமல் நுனி நோக்கி இழுத்துச் செல்லுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும். காயும்வரை முள் எதன்மீதும் படக் கூடாது. மாட்டும்போது நடுத்துளையைச் சுற்றி மட்டும் அழுத்துங்கள். முள் வளைந்தால் லூம் மொத்தமாகக் கழன்று விழும்.

கேள்வி: பழைய டயலில் ஒளிராமல் போன பழுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது வைக்கலாமா?

பதில்: கூடாது. ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வு நின்றதற்குக் காரணம் அதனுடன் சேர்த்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோனது. ரேடியம்–226-இன் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டு; அதனால் கதிர்வீச்சு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுன்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். வேறு டயல் வாங்குவதே மேல்.

கேள்வி: லூம் பவுடர் வகைகளில் சி3 வாங்கவா, பிஜிடபிள்யூ9 வாங்கவா?

பதில்: பிரகாசம்தான் முக்கியமென்றால் சி3. ஆனால் பகலில் இளம் மஞ்சள்பச்சையாகத் தெரியும். பகலில் வெள்ளையாகவும் இருட்டில் நீலமாகவும் வேண்டுமென்றால் பிஜிடபிள்யூ9. எதுவானாலும் டயலுக்கும் முட்களுக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுங்கள். டயலுக்கு ஒன்று, முள்ளுக்கு வேறு என்று வைத்தால் மணிக்குறி ஒரு நிறம், முள் ஒரு நிறமாக நிற்கும்.