பாத்ரூம்ல பாடுன மாதிரி கேக்குதா? மைக்க மாத்தாதீங்க

ஒரு தம்பி கேட்டிருக்கார்: 10க்கு 10 ரூம், கண்டென்சர் மைக், மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற சின்ன இன்டர்ஃபேஸ், ரீப்பர்ங்கிற சாஃப்ட்வேர்ல ரெகார்டிங். கரோக்கி டிராக் போட்டு பாடுனா குரல் பாத்ரூம்ல பாடுன மாதிரி இருக்கு, டிராக்கோட ஒட்டவும் மாட்டேங்குது, இன்னும் நல்ல மைக் வாங்கட்டுமானு.

வேணாம் தம்பி, காச பத்திரமா வைங்க. நல்ல மைக் வாங்குனா அந்த பாத்ரூம் இன்னும் தெளிவா கேக்கும், அவ்ளோதான்.

உங்க ரூம் உயரமும் 10 அடிதான்னா சிக்கல் இன்னும் ஜாஸ்தி. 10 அடி இடைவெளில எதிரெதிரா நிக்கிற சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸும் (ஒரு செகண்டுக்கு 56 அதிர்வு, கனமான கீழ் சத்தம்) அதோட இரட்டிப்பு 112ம் முட்டி மோதி பெருசாகும். நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணுன்னா மூணும் அதே எடத்துலயே கூடும், ஆம்பள குரலோட அடி சுதியும் 112 பக்கத்துலதான் சுத்தும், அதான் அந்த 'பூம்'. அதுலயும் நடு ரூம்ல நின்னு பாடுனீங்கன்னா 112 அங்கதான் உச்சத்துல இருக்கும். அதனால சுவர்லேந்து ரெண்டரை மூணு அடி தள்ளி நில்லுங்க, காசில்லாத வைத்தியம்.

எல்லாரும் பண்ற தப்பு, மைக்குக்கு பின்னாடி ஃபோம் ஒட்டுறது. கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்க சத்தத்த பிடிக்கிற வகை, பின்பக்க சத்தத்த பெருசா எடுக்காது, அது பாக்குறது உங்கள, உங்க முதுகுக்கு பின்னாடி இருக்கிற வெறும் சுவர. அங்க தொங்கவிடுங்க கம்பளிய, ரெண்டு மடிப்பா, சுவர ஒட்டாம ஒரு சாண் விட்டு. முட்டை அட்டை மட்டும் வேணாம், நான் ஒரு காலத்துல சுவர் பூரா ஒட்டுனேன், எதிரொலி போகல, கரப்பான் பூச்சி வந்துச்சு.

அடுத்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும், நடுவுல பாப் ஃபில்டர், 'ப' சொல்றப்ப வர்ற காத்த தடுக்கிற வலை. தூரம் பாதியானா நேர் சத்தம் 6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஏறும், ரூம் சத்தம் அப்படியேதான் இருக்கும், அதனால கெய்ன, அதாவது மைக் சத்தத்த ஏத்துற குமிழ, குறைக்கலாம், சத்தமா பாடுற எடத்துலயும் மீட்டர் மைனஸ் 10 டிபி தாண்ட வேணாம். 24 பிட்ல எடுத்தா லெவல் கம்மியா இருக்கேனு பயப்பட ஒண்ணுமில்ல.

ஒட்டலங்கிறது மிக்ஸிங் சமாச்சாரம். டவுன்லோட் பண்ண டிராக் ஏற்கனவே மாஸ்டரிங்ங்கிற கடைசி மெருகு முடிஞ்சு முழு சத்தத்துல இருக்கும், அதுக்கு மேல குரல ஏத்தி ஏத்தி கிளிப் ஆக்குறதுக்கு (எல்லை தாண்டி கரகரக்க வைக்கிறதுக்கு) பதிலா டிராக்க ஒரு 7 டிபி இறக்கிடுங்க. குரல்ல 90 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டுங்க, 300 பக்கம் 3 டிபி குறைங்க, கம்ப்ரஸர் (சத்தமான எடத்த அமுக்கி சமமாக்குறது) 3க்கு 1, முள்ளு 5 டிபி இறங்குனா போதும். ரிவெர்ப, அதாவது செயற்கை எதிரொலிய, கடைசியா போடுங்க, ப்ரீ டிலே (அந்த எதிரொலி தொடங்குறதுக்கு முன்னாடி விடுற இடைவெளி) 30 மில்லி செகண்ட் குடுத்தா சொல்லு தனியா வந்து விழும், பின்னாடிதான் அந்த ஹால் வரும். ரூம் எதிரொலி ஏற்கனவே உள்ள இருக்கிற குரலுக்கு ரிவெர்ப் போட்டா சேறுல தண்ணி ஊத்துன மாதிரிதான்.

அப்புறம் ஃபேன ஆஃப் பண்ணிட்டு பாடுங்க, வேர்த்து கொட்டும், பரவால்ல. விடியக்காலைல எடுக்கலாம்னு பாத்தா எங்க தெருவுல 5 மணிக்கே கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிச்சிடும், அதனால நான் ராத்திரி 11 மணிக்கு மேலதான்.