வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்து: இழப்பீடு யார் தருவது?

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் நீங்கள், இரவுப் பணி முடிந்து பைக்கில் திரும்பிய தொழிலாளி இறந்ததற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள்.

"கேட்டைத் தாண்டினால் நம் பொறுப்பில்லை" என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்பிருந்தால், வந்துபோகும் வழி விபத்தும் பணி விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

பழைய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கணக்கிட்டால், கணக்கில் எடுக்கும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு ரூ.15,000, அதில் பாதி 7,500. இதை வயதுக்கேற்ப நிர்ணயித்த காரணி எண்ணால் பெருக்க வேண்டும்; வயது 30 என்றால் அது 207.98. ஆக ரூ.15,59,850. தொழிலாளி இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால், இழப்பீடு பெறும் முறையே வேறு.

உண்மையில் கையைக் கடிப்பது தாமதம்தான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணமில்லை என்றால் 50 சதவீதம் வரை அபராதம். பாலிசியில் விலக்கு இல்லாவிட்டால் வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். அபராதம் உங்கள் தலையில்தான். அபராதம் காப்பீட்டு நிறுவனத்தைச் சேராது என்று 1997இலேயே மோட்டார் வாகனக் காப்பீடு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதனால் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல், தொகையை உடனே உரிய அதிகாரியிடம் செலுத்திவிடுங்கள்.