வலையில் வந்த நண்டு புதிய இனமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

காசிமேட்டு விசைப்படகில் யாரும் பார்த்திராத நண்டு ஒன்று வந்தால், அது புதிய இனம் என்று யார் சொல்வது, அதற்கு நம் பெயரை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராயபுரத்துக்காரன், விலங்கியல் படித்தவன். ஏலம் முடிந்ததும் கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் குவியலில்தான் நண்டு பொறுக்கிக் கற்றுக்கொண்டேன்.

துறைமுகத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது கணக்கில் வராது. 1758-இல் விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தொடங்கிய லின்னேயஸ் முதல் இன்றுவரை, அந்த நண்டின் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) விவரிக்கப்பட்ட எதுவுமே இது இல்லை என்று காட்ட வேண்டும். பாதி வேலை பழைய லத்தீன், ஜெர்மன் நூல்களோடுதான்.

நம் நீலக்கால் நண்டையே பாருங்கள். கிடைக்கும் கடலெல்லாம் ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010-இல் அலசிப் பார்த்து நான்காகப் பிரித்தார்கள். வங்கக்கடலில் கிடைப்பது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ் என்றானது. ஆனால் பெயர் புதிதில்லை, ஜெர்மன் இயற்கையியலாளர் ஹெர்ப்ஸ்ட் 1799-லேயே வைத்துவிட்டார்! முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. இப்படி எவனோ முந்திக்கொண்டிருப்பான் என்ற பயம் கடைசிவரை இருக்கும்.

நிறத்தை நம்ப முடியாது, ஆல்கஹாலில் வெளுத்துவிடும். ஓட்டின் ஓரத்து முட்கள், கொடுக்கு எல்லாம் பார்ப்போம். ஆனால் பல நண்டுகளில் வழக்கைத் தீர்த்து வைப்பது ஆணின் வயிற்று மடலுக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடி உறுப்புகள். விந்துவைச் செலுத்தக் குழல் போல மாறியவை அவை. நுனி வளைவு இனத்துக்கு இனம் மாறும். அதனால் பெண் நண்டு மட்டும் கிடைத்தால் தலைவலி. அப்புறம் கால் தசையில் மரபணுச் சோதனை. அது துணைச் சாட்சிதான் என்பது என் கட்சி.

எல்லாம் சரியாக வந்தால் ஒரு நண்டை மூல மாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான ஒற்றை நண்டாக, அருங்காட்சியகத்தில் வைத்து, படமும் வேறுபாடுகளும் எழுதி ஆய்விதழில் வெளியிட வேண்டும். அதற்குப் பிறகே பெயர் செல்லும். தன் பெயரைத் தானே வைக்க விதியில் தடை இல்லை, ஆனால் சிரிப்பார்கள். விவரிப்பவர் உங்கள் பெயரை வைக்கலாம்; அதற்கு வழக்கம் உண்டு.

நண்டு இன்னும் கையில் இருந்தால் உடனே நிறத்தோடு படம் எடுங்கள். ஐஸிலோ ஆல்கஹாலிலோ வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், மரபணு கெட்டுவிடும். வலை போட்ட இடத்தின் ஜிபிஎஸ், ஆழம், தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு, சாந்தோமில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையத்தில் காட்டுங்கள்.