ஆடிக் காற்றில் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

(மின்சார வண்டி பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை.)

கேள்வி: அண்ணாச்சி, 40 யூனிட் பேட்டரி வைத்த எலக்ட்ரிக் கார் எடுத்திருக்கிறேன். 450 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னை போகிறோம். திருச்சி வரை எங்கும் சார்ஜ் போடாமல் போய்விடலாம் தானே?
– வெட்டூர்ணிமடம் வாசகர்

பதில்: போக முடியாது தம்பி. அந்த 450 பொய்யில்லை, ஆனால் அது ரோட்டில் ஓட்டிப் பார்த்த கணக்கும் இல்லை. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், 90-ஐத் தாண்டாத வேகத்தில், சராசரி பார்த்தால் மணிக்கு 30 சொச்சம் கிலோமீட்டர் என்று ஓட்டி எடுப்பது. நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரியிலிருந்து கோட்டாறுக்கு மெதுவாகப் போகிற வண்டிக்குப் பொருந்தும், நான்குவழிச் சாலையில் 90-ல் போகிறவருக்குப் பொருந்தாது.

உங்கள் அளவு காருக்கு என் அனுபவத்தில் 90 வேகத்தில், ஏசி போட்டு, நாலு பேரோடு போனால் 100 கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட் செலவாகும். பேட்டரியில் பயன்படுத்தக் கிடைப்பது 38 என்று வையுங்கள், 245 கிலோமீட்டர் வருகிறது. நாகர்கோவிலில் இருந்து மதுரையே சுமார் 240. மதுரை ரிங் ரோட்டைப் பார்க்கும்போது பேட்டரி கையை விரித்துவிடும், திருச்சி எங்கே இருக்கிறது!

ஆகவே முதல் சார்ஜை விருதுநகர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 190 கிலோமீட்டர் ஆகியிருக்கும், பேட்டரியில் இருபது சதவீதம் மிஞ்சும். அடுத்தது விராலிமலையை ஒட்டி, அப்புறம் உளுந்தூர்பேட்டை, கடைசியாக மேல்மருவத்தூர் பக்கம். நாலு தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெட்ரோல் காரில் 12 மணி நேரம் என்றால் உங்களுக்கு 15, 16 என்று எண்ணி வெள்ளென கிளம்புங்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, மனைவியிடம் அதைவிட முன்னால்.

வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்று இழுப்பது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. காருக்குள் ஏற்றுகிற மட்டிப்பழக் குலையும் தேங்காய் மூட்டையும் சமதளத்தில் பெரிய செலவு வைப்பதில்லை. அதே மூட்டையை மேலே கேரியரில் கட்டினால்தான் வினை.

கேள்வி: போகும்போது ஒழுங்காக ஓடிய வண்டி, திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது மட்டும் சார்ஜைக் குடிக்கிறது. பேட்டரி கோளாறா?
– பூதப்பாண்டி வாசகர்

பதில்: எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆனி, ஆடி என்று பந்தயம் கட்டுவேன். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நெருக்கி நுழைந்து கிழக்கே பாய்கிறது. நீங்கள் நெல்லைக்குப் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது, திரும்பும்போது காவல்கிணறு தாண்டி தோவாளை வரைக்கும் நேரே முகத்தில் அறைகிறது. நீங்கள் 90-ல் வர, எதிரே 30 வேகத்தில் காற்று வீசினால் வண்டிக்கு அது 120-ல் ஓடுவது மாதிரி. காற்றின் எதிர்ப்பு முக்கால் மடங்கு கூடுகிறது. வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் வர சாதாரண நாளில் 6 யூனிட் போதும், ஆடியில் 9 கூட ஆகிவிடும்.

என் கதையையும் கேளுங்கள். போன ஆடியில் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், நெல்லை தாண்டி ஒரு ஹோட்டல் வளாகத்தில் சார்ஜர் இருப்பதாக ஆப்பில் பச்சை விளக்கு காட்டியது. போய்ப் பார்த்தால் மிஷின் செத்துக் கிடக்கிறது, அதன் முன்னால் ஒரு டீசல் வேன் நிற்கிறது, காவலுக்கு இருந்தவர் “ரெண்டு நாளா கரண்ட் இல்ல சார்” என்கிறார். கையில் இருப்பது 14 சதவீதம். ஏசியை அணைத்து, லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு 50-ல் ஊர்ந்து பணகுடியில் மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன். மோட்டார் பம்புக்குப் போட்டிருந்த 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று மணி நேரம் குத்தி வைத்ததில் எட்டு யூனிட் ஏறியது, எனக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் கிடைத்தது. மதினி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்றிலிருந்து எந்த சார்ஜரையும் நம்பி அதற்குப் பக்கத்தில் போய் பேட்டரியைத் தீர்ப்பதில்லை. அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக முடிய வேண்டும், ஆடியில் அதற்கு மேலும் ஒரு பத்து சதவீதம். பிளக்ஷேர் ஆப்பில் கடைசியாகச் சார்ஜ் போட்டவர் எழுதிய குறிப்பின் தேதியைப் பாருங்கள், பச்சை விளக்கைப் பார்க்காதீர்கள். முடிந்தால் அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப் வேண்டும் என்பது பெரிய தொல்லைதான், அவற்றை வீட்டிலேயே இறக்கி கொஞ்சம் பணமும் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெயிலில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வழியில் சார்ஜ் போட்டால் 100 வரை நிரப்பிக்கொண்டு போவது புத்திசாலித்தனம் இல்லையா?
– குழித்துறை வாசகர்

பதில்: இல்லை. திருவிழா நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள், காலி பஸ்ஸில் முதல் முப்பது பேர் ஒரே பாய்ச்சலில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், கடைசி பத்துப் பேர் நெளிந்து இடித்து உள்ளே போவதற்குள் டிரைவர் நாலு தடவை ஹாரன் அடித்துவிடுவார். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். 80 சதவீதத்துக்கு மேல் செல்லின் மின்னழுத்தம் எல்லையைத் தொடுவதால் வண்டியே கரண்டைக் குறைத்துவிடும். 20-லிருந்து 80-க்கு ஐம்பது நிமிடம் என்றால் மிச்ச 20-க்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகலாம். பின்னால் இரண்டு வண்டி காத்திருந்தால் திட்டும் விழும். 100 வரை நிரப்புவதை வீட்டில் ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்குமா? எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி மழை.
– குலசேகரம் வாசகர்

பதில்: அடிக்காது. சார்ஜர் வயரின் நுனியில் இருக்கிற கன்னை (செருகும் கைப்பிடியை) வண்டியில் செருகிப் பூட்டு விழுந்து, சார்ஜரும் வண்டியும் ஒன்றோடொன்று பேசி எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் மின்சாரமே வரும். ஆனால் கன் தரையில் கிடந்து தண்ணீர் தேங்கியிருந்தால் உதறித் துடைத்துவிட்டுச் செருகுங்கள், வயர் கிழிந்திருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: தினமும் திருவனந்தபுரம் போய்வருகிறேன். நெடுஞ்சாலையை விட இந்த நெரிசலில்தான் அதிக கிலோமீட்டர் கிடைக்கிறது. எப்படி?
– களியக்காவிளை வாசகர்

பதில்: நாற்பது வேகத்தைத் தாண்ட ரோடு விட்டால்தானே? காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு, பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் மோட்டார் டைனமோவாக மாறி கொஞ்சம் திருப்பித் தருகிறது. அந்தச் சாலையால் லாபம் அடைகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

கேள்வி: வெளியில் சார்ஜ் போட்டால் பெட்ரோல் விலையே ஆகிவிடும் என்கிறார்களே?
– தோவாளை வாசகர்

பதில்: ஆகாது, ஆனால் வீட்டுச் செலவை நினைத்துக்கொண்டு போனால் திடுக்கிடும். யூனிட் 20 ரூபாய் என்று போட்டிருந்தால் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 23 ரூபாய் 60 காசு. 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 370 ரூபாய். லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் காரில் அதே தூரத்துக்கு 650-க்கு மேல் ஆகும். சார்ஜ் ஏறுகிற ஒரு மணி நேரத்தில் குடும்பம் சாப்பிடுகிற பில்லை இதில் சேர்க்கவில்லை.

கேள்வி: குளச்சலிலிருந்து திருச்செந்தூருக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் போகலாமா? மீட்டர் 110 காட்டுகிறது.
– குளச்சல் வாசகர்

பதில்: ஒரு வழியே நூறு கிலோமீட்டர் பக்கம் வருகிறது, இரண்டு பேர் ஏறினால் அந்த 110 எண்பதாகிவிடும். சார்ஜரைக் கையோடு எடுத்துக்கொண்டு, பாதி வழியில் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ கேட்டு இரண்டு மணி நேரம் போடுங்கள், கரண்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். திருச்செந்தூரில் ராத்திரி தங்குவதானால் லாட்ஜில் தரைத்தள அறையாகக் கேளுங்கள். மூன்றாம் மாடி என்றால் வயர் எட்டாது.